பனம் அனுப்ப வேண்டாம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம். முழங்காலுக்கு மட்டும் அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. உன் அத்தை மாடியில் சௌக்கியமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள், இங்கே கீழே மேசைமேல் வைத்த கண்ணாடிக் குவளை நடுங்குகிறது. உன் சௌக்கியத்தைத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய், கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று எல்லோருக்கும் போகிற ஒரு வரி எனக்கும் வருகிறது. அந்த வரியில் பிழை ஏதும் இல்லை, அதனாலேயே அது நீ எழுதியது இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தை யாரும் மீட்டிங் என்று சொல்லித் தவிர்க்க முடியாது. முடிவைத் தெரிந்துகொள்ளக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

யோசனை உன்னுடையது என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். உனக்கு விடுப்புக் கொஞ்சம், எனக்கு உன் ஊர்வரை உட்கார்ந்து பறக்க முழங்கால் இடம் கொடுக்காது, எனவே நடுவில் கடலோரமாக ஒரு நாட்டில் வீடு எடுத்து நீயும் நானும் அத்தையும் ஒரு வாரம் ஒன்றாக இருக்கலாம் என்றாய். உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை, சொன்னால் நீ விசும்புவாய், பிறகு நானும் ஏதாவது செய்யவேண்டி வரும். சரி என்றேன். ஆனால் வீட்டு வாடகையை நான்தான் கொடுப்பேன், மகள் செலவில் கடல் பார்க்க வேண்டிய நிலை எனக்கு வரவில்லை என்றேன். நீ "அம்மா, வெளிநாட்டு வீட்டுக்கு முன்பணம் கட்டறதுல ஆயிரம் வில்லங்கம் இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். வில்லங்கத்தைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வுபெற்றவளிடம் இப்படிச் சொல்லலாமா? அச்சகத்தில் என் மேசையைத் தாண்டாமல் ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வெளியே போனதில்லை, அச்சுக் கோக்கிறவர் முதல் முதலாளிவரை என்னை 'மூணு சுழி' என்றுதான் கூப்பிட்டார்கள், இரண்டு சுழி 'ன' இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி 'ண' இருந்தால் அடுத்த அறையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும் என்று. அந்தப் பெயரை அவர்கள் கேலியாக வைத்தார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

வீடுகளை வாடகைக்குக் காட்டும் ஓர் இணையதளத்தில் அத்தையும் நானும் இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று வெள்ளைச் சுவர், நீலச் சன்னல். உரிமையாளர் நம் மொழிக்காரர், பல வருடம் முன்பு அங்கே குடியேறியவராம். இன்னொன்று அந்த நாட்டுக்கார அம்மாள் ஒருத்தியின் வீடு, பழைய ஓட்டு வீடு, வாசலில் பெரிய பூந்தொட்டி. இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகளை எழுதினேன். குளியலறை எந்தத் தளத்தில் இருக்கிறது, படிக்கட்டில் கைப்பிடி உண்டா, கடலுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.

நீலச் சன்னல்காரரின் பதில் வந்த அன்று நான் மாடிக்குப் போய் அத்தையை எழுப்பினேன். "பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் வருகையால் எளியேனின் இல்லம் பெருமையுறும். முன்பணத்தை முழுமையாகச் செலுத்திவிடின், பருவகால நெருக்கடியில் அவ்வில்லம் பிறர் வசமாகாமல் காத்துத் தர இயலும்." செலுத்திவிடின்! இந்தக் காலத்தில் யார் 'செலுத்திவிடின்' என்று எழுதுகிறார்கள்? ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது, மிகக்கூடாத இடத்தில் அடங்கியிருந்தது. கான்வென்ட்டில் எங்களுக்குத் தமிழ் எடுத்த சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் பலகையில் ஒட்டியிருப்பார். மேலும் தளம் வழியாகக் கட்டினால் தரகுக் கட்டணம் சேரும், நேரடியாகத் தம் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் தங்களுக்கே சேமிப்பு என்று எவ்வளவு கரிசனம். அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எல்லாம் சரி அண்ணி, குளியலறை எங்க இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்றாள். அடுத்த கடிதத்தில் சொல்வார், இதெல்லாம் முதல் கடிதத்திலேயே கேட்கக்கூடிய விஷயமா என்று நான் நினைத்துக்கொண்டேன், கேட்டவளே நான்தான் என்பதை மறந்து.

ஓட்டு வீட்டு அம்மாளின் பதிலைப் பற்றி என்ன சொல்ல. அவள் தன் மொழியில் எழுத, தளமே அதைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தது. "விலையுயர்ந்த விருந்தாளியே" என்று தொடங்கியது. "நான் உங்களை முன்னோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளியலறை தரையில் கிடக்கிறது. படிக்கு இரும்புக் கை உள்ளது, அதைக் குலுக்குங்கள். சூடான நீர் சுதந்திரமானது. கடைசி நாள் காலையில் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். எனக்கு வெளியே சம்பளம் கொடுக்காதீர்கள்." சம்பளமாம். விருந்தாளியைக் குலுக்கச் சொல்லி, வெளியேற்றி, சம்பளப் பேச்சும் பேசுகிறவள் வீட்டில் காலடி வைப்பேனா? அத்தை சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து இறங்கவே இல்லை, இன்றைக்கும் குளிக்கப் போகும்போது "அண்ணி, தரையில கிடக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். நான் அந்தத் தமிழைச் சிவப்பு மையில் திருத்த ஆரம்பித்து, மூன்றாவது வரியில் பேனாவை மூடிவிட்டேன். திருத்துவதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தானே திருத்த முடியும்.

நீலச் சன்னல்காரருக்கே கட்டப்போகிறேன் என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ பதில் போட்டாய். உன் சொந்த வரியை உனக்கே எடுத்துக் காட்டுவதற்கு மன்னிக்கவும், "அம்மா பனம் அனுப்ப வேண்டாம் நான் பார்த்து சொல்றேன்" என்று இருந்தது. பனம். கான்வென்ட் வாசலை மிதித்தவளின் வயிற்றில் பிறந்தவள் பணத்துக்கு இரண்டு சுழி போடுகிறாள். பனம்பழம் அனுப்ப வேண்டாம் என்கிறாயா, பனங்கிழங்கு அனுப்ப வேண்டாம் என்கிறாயா, எதுவானாலும் எனக்கு அனுப்பும் எண்ணம் இல்லை என்று எழுதி, 'பார்த்துச் சொல்கிறேன்' என்பதில் விட்டுப்போன 'ச்'சையும் போட்டு, முற்றுப்புள்ளிகளையும் வைத்துத் திருப்பி அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். கட்டைவிரல் என்றால் சம்மதம் என்றுதான் அத்தையும் சொன்னாள். கோபத்திலும் கட்டைவிரல் காட்டுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதன்பிறகு உன்னிடமிருந்து விரலும் இல்லை, வரியும் இல்லை.

ஆகவே நல்ல புடவை கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அத்தையும் கூட வந்தாள், அவளுக்கு அங்கே உள்ள குளிர்சாதனம் பிடிக்கும். கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ மென்றுகொண்டே, "பாட்டி, இந்தக் கணக்குக்காரரை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். முதலில் நான் அவளுக்குப் பாட்டி இல்லை என்பதைத் தெளிவுபடுத்தினேன். பிறகு, நேரில் தெரியாது, ஆனால் ஒற்றுத் தவறாமல் எழுதுகிறவர் என்றேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "ஒற்றா? உளவு பாக்கறவரா மேடம்?" என்றாள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க எனக்குப் பின்னால் நின்ற வரிசை இடம் கொடுக்கவில்லை. அவள் சொன்னது இதுதான், இப்படி நேராக ஒருவர் கணக்குக்கு அனுப்பினால் கையில் நோட்டைக் கொடுத்த மாதிரி, அவர் காணாமல் போனால் வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது, தளத்திலேயே கார்டில் கட்டினால் ஏதாவது கோளாறு என்றால் முறையிட வழி இருக்கிறது. "வீட்டுல யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றும் கேட்டாள். மகளிடம் கேட்டேன் என்று போனைக் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க பொண்ணு வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே" என்றாள். அது வேறு பனம், பனை மரத்துச் சமாசாரம், பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் விளக்கியபோது அந்தப் பெண் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட என்னிடம் சொல் இல்லை. "மேடம், எத்தனை சுழி போட்டாலும் போனா போனதுதான்" என்றாள்.

அப்படியும் அனுப்பியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன், இத்தனை பேர் முன்னால் எழுந்து திரும்பி வர என் சுபாவம் விடாது. ஆனால் கணக்கு எண்ணை அவள் தட்டியபோது திரையில் வந்த பெயர் வேறு. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், கணக்குக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், ஓரெழுத்துகூட ஒத்துப்போகவில்லை. பெயர்ப் பிழையோடு எந்தத் தாளையும் நான் அச்சுக்கு விட்டதில்லை. நிறுத்துங்கள், அவர் திருத்தி எழுதட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அத்தை மட்டும் குளிர்சாதனத்தை விட்டு வர மனமில்லாமல் வந்தாள்.

அவருக்கு எழுதினேன். உடனே பதில், அது தம் மைத்துனர் கணக்காம், "ஐயம் வேண்டா அம்மையீர், இன்று மாலைக்குள் செலுத்திவிடின் நலம்." வேண்டா! எவ்வளவு அழகு. ஆனால் குளியலறை? அத்தை அதற்குள் அந்த வீட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். ஒரு சன்னலுக்கு வெளியே கடல், அடுத்த அறைச் சன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை. "ரெண்டும் இருந்தா நல்லதுதானே அண்ணி, காலையில குளிச்சிட்டு மத்தியானம் சறுக்கலாம்" என்றாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று அவளிடம் எனக்கு எப்போதும் தெரிவதில்லை. நான் மறுபடி உட்கார்ந்து அவர் கடிதங்கள் அத்தனையும் படித்தேன். இலக்கணம் இருந்தது, பதில் இல்லை. எங்கள் சிஸ்டரிடம் ஒரு வழக்கம் உண்டு, தெரிந்ததையெல்லாம் அழகாக எழுதிக் கேட்டதை மட்டும் விட்டுவிட்ட தாளில் மதிப்பெண் போடமாட்டார், ஓரத்தில் 'வினாவைப் படி' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் மரியாதையாக, "ஐயா, தங்கள் நடை சிறப்பு. ஆயினும் வினாவைப் படிக்கவும். குளியலறை எந்தத் தளத்தில்?" என்று எழுதினேன். மழுப்பலாக ஒரு பதில் வந்தது. மறுபடி, வினாவைப் படிக்கவும். இன்னொரு பதில், "செலுத்திவிடின்" இல்லாமல். மறுபடி, வினாவைப் படிக்கவும்.

அதற்கு வந்த பதிலைக் கூச்சப்படாமல் உனக்கு எழுதுகிறேன், நீ வளர்ந்தவள். "ஏய் கெழவி பனம் அனுப்புறியா இல்லியா."

என்னைக் கிழவி என்றது கிடக்கட்டும். அதுவரை வந்த கடிதங்கள் எங்கேயோ எடுத்து ஒட்டியவை, இதுதான் அந்த ஆளே கைப்பட எழுதிய முதல் வரி, அதில் பனம். இரண்டு சுழி. உன் பிழையேதான், ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. அனுப்ப வேண்டாம் என்கிறவளும் இப்படித்தான் எழுதுகிறாள், அனுப்பு என்கிறவனும் இப்படித்தான் எழுதுகிறான். இத்தனை காலம் சுழியை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இது என்ன சோதனை, சொல். உன் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை அதில் பனங்கிழங்கு எதுவும் தெரியவில்லை, வேலைக்கு நடுவில் எங்கேயோ நின்றுகொண்டு அவசர அவசரமாக அம்மாவுக்கு எழுதிய ஒருத்திதான் தெரிந்தாள். சிஸ்டர் என் தாளையும் பார்த்திருந்தால் ஓரத்தில் அதையேதான் எழுதியிருப்பார். சரி, இதைப்பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன், நீயும் பேச்செடுக்காதே.

அந்த ஆளைச் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. 'கெழவி' அன்று 'கிழவி', 'பனம்' அன்று 'பணம்', 'இல்லியா' அன்று 'இல்லையா', இறுதியில் வினாக்குறி வேண்டும் என்று திருத்தி அவனுக்கே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் தளத்துக்கும் முறையீடாக அனுப்பினேன். மறுநாள் அந்த நீலச் சன்னல் தளத்திலிருந்தே மறைந்துவிட்டது, கடலும் பனியும் சேர்ந்து. உன் அப்பா இருந்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கட்டிவிட்டு, மனுஷன் சாப்பிட்டாரா என்றும் விசாரித்திருப்பார். அவருடைய பணப்பையை நான் எதற்காக என்னிடம் வைத்திருந்தேன் என்று இப்போது புரிகிறதா.

பிறகு ஓட்டு வீட்டு அம்மாளின் கடிதத்தை எடுத்தேன், இந்தத் தடவை சிவப்புப் பேனா இல்லாமல். கேட்டதெல்லாம் அதில் இருந்தது. குளியலறை கீழ்த்தளத்தில், படியில் இரும்புக் கைப்பிடி, அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம், வெந்நீருக்குத் தனிக் காசு இல்லை, கடைசி நாள் காலையில் காலி செய்ய வேண்டும். அந்தச் சம்பள வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது, தளத்துக்கு வெளியே எனக்குப் பணம் தராதீர்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பணத்தைத் தளம் பிடித்து வைத்திருக்குமாம், நாம் போய்க் கதவைத் திறந்து, படத்தில் பார்த்த வீடுதான் என்று தெரிந்த பிறகுதான் அவள் கைக்குப் போகுமாம். கொடுக்கவேண்டிய என்னைவிட, வாங்கவேண்டிய அவள் ஜாக்கிரதையாக இருக்கிறாள்.

இருந்தாலும் நான் சூடுபட்டவள், வீட்டை நேரில் காட்டு என்றேன். முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் வந்தாள். என் வயதுதான் இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு அகலம், கையில் மாவு. அவள் மொழி எனக்குத் தெரியாது, என் கான்வென்ட் ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது, அத்தை இரண்டு பேருக்கும் நடுவில் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுவதும் நடந்தாள், பூந்தொட்டி, படி, கைப்பிடி, அதை ஆட்டிக்காட்டினாள், குளியலறைக்குள் போய்க் கழிப்பறை மூடிமேல் முழுக் கனத்தோடும் உட்கார்ந்து, உடையவில்லை பார் என்று கையை விரித்தாள். கடைசியில் சன்னலைத் திறந்தாள். கடல்தான், பனி இல்லை. எனக்கு ஒற்றும் வேண்டியிருக்கவில்லை, சந்தியும் வேண்டியிருக்கவில்லை. மறுபடி அதே வங்கிக்குப் போய் அதே பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் தளத்துக்குள்ளேயே கார்டில் கட்டினேன். பாட்டி என்றாள், திருத்தவில்லை. ரசீதைத் தனியாக இதனுடன் வைத்திருக்கிறேன், நீயும் பத்திரமாக வை, தளத்தில் நடந்த பேச்சை அழிக்காதே, நாளைக்கு எதற்காவது வேண்டியிருக்கும்.

இனி உனக்குச் சில விஷயம். உன் விமானச் சீட்டை நீயே எடுத்துக்கொள், அதில் நான் தலையிடமாட்டேன், ஆனால் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே பெயர் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பார். கம்பளி எடுத்து வா, கடல்காற்று உன் தொண்டைக்கு ஆகாது. அத்தைக்குத் தனி அறை, அவள் குறட்டையைப் பற்றி வீட்டு அம்மாளுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டேன், "உங்கள் மைத்துனி என் சுவர்களை இசைக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டில் யார் யார் தங்குவார்கள் என்றும் கேட்டிருந்தாள். என் பெயர், அத்தை பெயர், உன் பெயர் மூன்றையும் எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமல். அதற்கு அவள் போட்ட பதிலைத் தளம் இப்படித் தமிழாக்கியது, "உங்கள் மகள் தாமதமாக வந்தாலும் கதவு அவளுக்கு விழித்திருக்கும்." இதைத் திருத்த நான் பேனாவை எடுக்கவே இல்லை.

நீ வரமுடியாது என்றால் குறித்த தேதிக்குள் சொன்னால் போதும், கட்டிய பணம் முழுவதும் திரும்ப வந்துவிடும் என்று தளம் உறுதி சொல்கிறது. பத்திரமாகக் கட்டியிருக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் மகளே, அந்தப் பணம் எனக்குத் திரும்ப வர வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கும் முன் கண்ணுக்கு மருந்து விட மறக்காதே, கோபம் இருந்தால் அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வா, கடற்கரையில் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லா நலமும் உனக்கு இருக்கட்டும், உன் வேலையும் உடம்பும் மேன்மேலும் உயரட்டும். பதிலை ஒரே வரியில் எழுதினால் போதும். அவசரத்தில் 'வறுகிறேன்' என்று வல்லின 'று' போட்டே எழுது. நான் திருத்தமாட்டேன். நீ வந்தால் சரி.

என்றும் உன் அம்மா,
மூணு சுழி

பின்குறிப்பு: வாயால் திருத்தமாட்டேன் என்றுதான் பொருள். மனதுக்குள் திருத்துவது என் சொந்த விஷயம்.